ஆட்டிப் பார்த்த மேப்பிள் குச்சிகள்

இந்த நகரத்து மேப்பிள் மரங்களில் பாதி, பல் கட்டுபவரின் கைராசியால் வேர் விட்டவை. பாதி என்றது கொஞ்சம் அதிகம்தான்; ஆரம்பத்திலேயே கணக்குப் பார்த்தால் கதை நகராது. உண்மையில் ஒன்று. அந்த ஒன்றும் இப்போதைக்குத் தயிர் டப்பாவுக்குள் நிற்கிறது.

வீட்டு முன்னறைதான் அவர் கடை. அலமாரியில் பல்செட்டுகள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருக்கும். அந்த வீட்டில் எந்நேரமும் சிரித்த முகம் அவற்றுக்கு மட்டும்தான். ஆள் குள்ளம். மேல்தட்டை எட்ட ஸ்டூல் வேண்டும். உயரத்தில் குறைந்ததைக் கடவுள் பேச்சில் வட்டியோடு கொடுத்திருந்தார். வந்தவர் வாயில் அச்செடுக்கும் மாவை அப்பிவிட்டு, அது இறுகும்வரை தன் சாதனைகளை எடுத்துவிடுவார். மறுத்துப் பேச முடியாத சபை அரசியல்வாதிகளுக்குக்கூட இப்படி வாய்ப்பதில்லை.

கேட்டுக்குப் பக்கத்தில் மாமனார் நட்ட மேப்பிள் நின்றது. இலை உதிருமுன் வாசலே தீப்பிடித்த மாதிரிச் சிவக்கும். மாமனார் போன பிறகு, அவர் மகள் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அடிமரத்தை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் போவாள். எதற்கென்று கணவர் கேட்டதில்லை. கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ள அவருக்கென்ன தலையெழுத்து.

அந்த மரத்தின் வேர் சாக்கடைக் குழாய்க்குள் புகுந்து படுத்துக்கொண்டது. குளியலறைத் தண்ணீர் வெளியே போகாமல் திரும்பி உள்ளே வந்தது. தோண்டிப் பார்த்தவன் மனைவியின் தம்பி, பிளம்பர்.

"மரத்தை எடுத்தாகணும் அக்கா. இலை சிவக்கட்டும், கடைசியா ஒரு தடவை பார்த்துக்க. எனக்கும் அவர் அப்பாதான்."

அவள் வாயே திறக்கவில்லை. அதைத் தாங்க முடியாமல் பல் கட்டுபவர் வாயை விட்டார். "மரம் போகுமுன்னே அதோட பிள்ளையை உன் கையில தர்றேன். அதே மரம், அதே சிவப்பு."

"விதை போட்டு எடுக்கப் போறீங்களா அத்தான்?"

"விதையில வர்றது அப்பனை மாதிரியே இருக்கும்னு என்ன நிச்சயம்? உன்னையே பாரு. கிளையை வெட்டி வச்சாத்தான் மாப்ளே அச்சு அசலா வரும்."

சொன்னது சரிதான். செய்ததும் முக்கால்வாசி சரி. வெயில் ஏறத் தொடங்கிய நாளொன்றில், காலை ஈரம் காயுமுன், புதிதாகத் துளிர்த்த கிளைகளின் நுனியை பல்செட்டுக்கு மெழுகு சீவும் கத்தியால் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டினார். உச்சியில் இரண்டு இலை விட்டு, அவற்றையும் பாதியாகக் கத்தரித்தார். வேர் இல்லாத குச்சிக்கு இலை ஒரு ஊதாரி, இருக்கும் ஈரத்தையெல்லாம் செலவழித்துவிடும். அடியை வேர் பிடிக்கவைக்கும் பொடியில் தோய்த்து, தயிர் டப்பாக்களில் ஈர மணல் நிரப்பி நட்டு, மேலே பிளாஸ்டிக் பை போர்த்தினார். ஜன்னலோரம் நீள டப்பாக்கள். பல்லுக்கு வந்தவர்கள் ஏதோ தீவிர சிகிச்சைப் பிரிவு என்று நினைத்துக் குரலைத் தாழ்த்தினார்கள்.

மீதிக் கால்வாசியில் தொழில்புத்தி புகுந்தது. பல்செட்டை மாட்டியதும் இரு விரலால் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். ஆடாவிட்டால் நல்ல வேலை. குச்சிகளையும் தினம் காலையில் பையைத் தூக்கி, ஒன்று விடாமல் அப்படியே ஆட்டினார்.

"ஏங்க, அதைப் போட்டு ஏன் ஆட்டுறீங்க?" என்றாள் மனைவி.

"பிடிச்சிருக்கான்னு பார்க்க வேண்டாமா?"

"விட்டாத்தானே பிடிக்கும்."

"இத்தனை வருஷமா ஊர் வாயில நட்டுக்கிட்டிருக்கேன். எனக்குப் பாடம் எடுக்கிறியா?"

அன்று சாயங்காலம் ஒரு டப்பா குறைந்தது. சந்தேகம் நேராக மச்சினன் மேல் போய் விழுந்தது.

"குச்சி திருடுற நிலைமை எனக்கு இன்னும் வரலை அத்தான்," என்றான் அவன். "வந்தா சொல்லி அனுப்புறேன்."

மற்றவை பச்சையாகவே நின்றன. அதுதான் வினை. வெட்டிய குச்சி, உள்ளே மிச்சமிருக்கும் சாற்றைக் குடித்துக்கொண்டு பலநாள் உயிரோடிருப்பதாக நடிக்கும். அலுவலகங்களில் அப்படி ஓய்வுபெறும்வரை நடித்தவர்கள் உண்டு. அவர் அதை நம்பி, மாவு அப்பிய வாய்களிடமெல்லாம் தன் கைராசிப் புராணத்தைப் பாடித் தீர்த்தார். பிறகு ஒன்று பழுத்தது, ஒன்று கறுத்தது, ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. பிடுங்கிப் பார்த்தால் அடியில் நூலிழை போன்ற வேர்கள், முளைத்த இடத்திலேயே அறுந்து கிடந்தன. பிடித்திருக்கிறதா என்று அவர் பார்த்த பார்வைதான் அவற்றைப் பிடிக்க விடவில்லை. டப்பாக்களை மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டு, "ஓய்வில இருக்கு," என்று வீட்டாருக்கு அறிவித்தார்.

இலை சிவந்தது. ரம்பத்தோடு மச்சினன் வந்தான். மனைவி கேட்டருகே அடிமரத்தில் கை வைத்து நின்றாள். அன்று தட்டவில்லை, வைத்த கையை எடுக்கவுமில்லை. பல் கட்டுபவர் பின்னாலேயே வந்தார். வாழ்க்கையில் முதன்முறையாக வாயில் மாவு அப்பியது போல நின்றார்.

"ஒண்ணும் தேறலைம்மா. ஆட்டி ஆட்டி நானே கொன்னுட்டேன்."

"தெரியும்," என்று உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் தயிர் டப்பா. குச்சியின் தலையில் கத்தரிக்கப்பட்ட பழைய இலைகளுக்கு மேல் புதிதாக இரண்டு முழு இலைகள், கேட்டருகே நின்றதைப் போலவே சிவந்து. டப்பாவின் அடியோட்டை வழியே வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. அவர் விரல்கள் பழக்கதோஷத்தில் குச்சியை நோக்கி நீண்டன. பட்டென்று ஓர் அடி விழுந்தது.

"எடுடா," என்றாள் தம்பியிடம். ரம்பம் ஓடி முடியும்வரை டப்பாவை மார்போடு அணைத்து அங்கேயே நின்றாள்.

அடுத்த வாரமே பல் கட்டுபவருக்குப் பேச்சு திரும்பிவிட்டது. ஓய்வுபெற்ற தபால்காரரின் வாயை மாவால் அடைத்துவிட்டு, மேஜை மேலிருந்த டப்பாவைக் காட்டினார். "பார்த்தீங்களா? என் மச்சினன் கைவிட்ட மரம். நம்ம கை பட்டுச்சு, பிழைச்சிடுச்சு. எல்லாம் கைராசி."

கதவோரம் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பி நின்ற மனைவி, போகிற போக்கில் சொன்னாள். "கை பட்டதெல்லாம் குப்பைக்குப் போச்சு தாத்தா. இதைக் குளியலறையில உசரத்து ஜன்னல் திட்டுல வச்சிருந்தேன். ஸ்டூல் போட்டாலும் இவருக்கு எட்டாது."