பிரபாவின் விண்ணப்பத்தில் நான் குத்திய முத்திரை

பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆள்சேர்ப்புப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவள் நான். பெயர் அனந்தலக்ஷ்மி. கோபக்காரி என்று பெயரெடுத்தவள், அதில் பொய்யில்லை. ஆனால் 2004 ஜூனில் வந்த கோபம் என் மேலேயே வந்தது.

அந்த வருஷம் ஒரு விரிவுரையாளர் வேலைக்கு விளம்பரம் கொடுத்திருந்தோம். பாடம், மெஷின் லேர்னிங்கும் கணினி உயிரியலும். கம்ப்யூட்டரைத் தானாகக் கற்றுக்கொள்ளப் பழக்கி, அதை வைத்து உடம்பிலுள்ள புரதங்களை ஆராய்வதாம். எங்கள் பிரிவில் யாருக்கும் ஒரு மண்ணும் புரியவில்லை. புரியாவிட்டால் என்ன, எங்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. எம்.எஸ்ஸி. எந்தப் பாடம் என்று மட்டும் பார்ப்போம். கம்ப்யூட்டர் என்றால் ஒரு கட்டு, உயிரியல் என்றால் இன்னொரு கட்டு. இரண்டிலும் சேராததற்கு 'தகுதியில்லை' முத்திரை. பிரபா என்ற பெண்ணின் எம்.எஸ்ஸி. புள்ளியியல். டீ ஆறுவதற்குள் டொக்கென்று குத்திவிட்டேன்.

நோட்டீஸ் போர்டில் பட்டியலைப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் அவளே வந்து நின்றாள். மர்பி டவுன் பெண். அப்பா ரங்கநாதன் பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவர். ஆறு வருஷமாக எங்களிடமே கெஸ்ட் லெக்சரர். காலையில் கம்ப்யூட்டர் துறையில் பாடம், மத்தியானம் உயிரியல் துறையில். இரண்டு துறையும் நன்றாக வேலை வாங்கிக்கொண்டன. 'எங்கள் ஆள்' என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

"மேடம், விளம்பரத்துல 'தொடர்புடைய பாடம்'னும் போட்டிருக்கீங்க. என் பிஎச்.டி.யே இந்த சப்ஜெக்ட்லதான். மொத பக்கத்தைத் தாண்டிப் பார்த்தீங்களா?"

"ஏம்மா, எனக்கே ரூல்ஸ் சொல்லித் தர்றியா?" என்று சீறினேன்.

"இல்ல மேடம். அடுத்த மாசம் எனக்கு வயசு வரம்பு தாண்டிடும். இதை விட்டா இனிமே அப்ளிகேஷனே போட முடியாது. அதான் கேக்கறேன்."

குரல் உயரவில்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்குத்தான் வேலை ஓடவில்லை. கட்டை அவிழ்த்து அவளுடைய ஆராய்ச்சித் தாள்களை எடுத்தேன். உள்ளே இருந்தது புரியவில்லை. ஆனால் விளம்பரத்தில் இருந்த அதே வார்த்தைகள் தலைப்பிலேயே இருந்தன. பக்கத்தைக்கூடப் புரட்டாமல் ஒரு பெண்ணின் உழைப்பைத் தூக்கி மூலையில் போட்டிருக்கிறேன். வெட்கமாகப் போயிற்று.

முத்திரை விழுந்த விண்ணப்பத்தைத் திருப்பி எடுத்த சரித்திரமே எங்கள் பிரிவில் கிடையாது. சூப்பரின்டெண்டு கிருஷ்ணப்பா பதறினார்.

"பேடா மேடம், வேண்டாம், சும்மா இருங்க. உங்க தப்புன்னு நீங்களே எழுதிக் குடுத்தா சர்வீஸ் ரெஜிஸ்டர்ல ஏறிடும். ரிட்டயர் ஆக ரெண்டே வருஷம் இருக்கு."

"ஏறட்டும் சார். குத்தினவ நான்தானே."

'கவனக்குறைவு என்னுடையது' என்று எழுதிப் பதிவாளர் மேஜையில் வைத்தேன். எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பிரபாவுக்கு நேர்காணல் கடிதம் போயிற்று.

நேர்காணலன்று ஃபைல் எடுத்துக் கொடுக்க நானும் அறைக்குள் இருந்தேன். கம்ப்யூட்டர் பேராசிரியர் ஆரம்பத்திலேயே, "நீங்க பயாலஜி ஆளாச்சே" என்றார். உயிரியல் பேராசிரியை, "எங்களுக்கும் சேராதே, நம்பர் போடற ஆளுதானே" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரபா அசரவில்லை. இருவரிடமும் ஆளுக்கொரு தாளை நீட்டினாள். பன்னிரண்டு புரதங்கள், ஒவ்வொன்றும் ஒரு நீள எழுத்து வரிசையாக.

"இதுல ரெண்டு குடும்பம் கலந்திருக்கு. பிரிச்சுக் காட்டுங்க, பார்க்கலாம்."

பேராசிரியர் எழுத்துகளை எண்ணிப் பிரித்தார். அந்தம்மா கண்ணால் பார்த்தே பிரித்தார். மூன்று புரதங்களில் இருவருக்கும் ஒத்துவரவில்லை. பிரபா சாக்பீஸை எடுத்தாள். அவர் எண்ணியதில் எதை விட்டார், இவர் பார்த்ததில் எது ஏமாற்றியது, இரண்டையும் சேர்த்துக் கம்ப்யூட்டரை எப்படிப் பழக்குவது என்று பலகையில் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள். கொடுத்தது இருபது நிமிஷம். ஐம்பது நிமிஷம் ஓடியது. துணைவேந்தரே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கடைசியில் வந்தது பாருங்கள் ஒரு சண்டை. "இவங்க எங்க டிபார்ட்மென்ட்டுக்குத்தான் வரணும்" என்றார் பேராசிரியர். "அதெப்படி? ஆறு வருஷமா எங்க பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கறவங்க" என்றார் பேராசிரியை. இரண்டு துறைக்கும் பொதுவாகப் போட்டுத் துணைவேந்தர்தான் தீர்த்து வைத்தார். சந்தோஷத்தில் மேஜையைத் தட்ட வேண்டும்போல் இருந்தது எனக்கு.

நியமன உத்தரவை வாங்க அப்பாவையும் அழைத்து வந்திருந்தாள். ரங்கநாதன் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"என்னைக் கும்பிடாதீங்க. உங்க பொண்ணைத் தகுதியில்லன்னு சொன்னவ நான்."

"தெரியும்மா. அதை மாத்தினதும் நீங்கதானே."

"நான் ஒரு காகிதத்தைத்தான் மாத்தினேன். அந்த ரூம்ல இருந்தவங்களை மாத்தினது உங்க பொண்ணு."

அவர் உத்தரவை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார். எனக்கும் கண் கலங்கியது. பிரபாவுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. பதினோரு மணிக்கு அவளுக்கு வகுப்பு இருந்தது. நிரந்தர லெக்சரராக முதல் வகுப்பு.