பாங்காக் லேபிள்

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற எங்களுக்கு அப்போது ஒரு பழக்கம் இருந்தது. ராஜபாளையத்து மில் நூலில் நெய்த துணியை எங்கள் ஷெட்டில் வெட்டித் தைப்போம்; கழுத்தில் மட்டும் ‘பாங்காக் ஃபேஷன், மேட் இன் தாய்லாந்து’ என்று ஒரு லேபிளை வைப்போம். வெளிநாடு என்றால்தான் கடைக்காரர் கட்டைப் பிரிப்பார். அதை ஏமாற்று என்று நாங்கள் நினைத்ததே இல்லை. பட்டன் வைப்பது போல அதுவும் ஒரு வேலை.

நான் சொந்த ஷெட் போடுவதற்கு முன் ஒரு காண்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டுக்குத் தைத்தவள். அந்த ஆளின் ஏச்சுப்பேச்சு தாங்காமல்தான் வெளியே வந்தேன். உள்ளூர் ஆர்டர் படுத்து, மெஷின்களை விற்றுவிட்டு மறுபடி அவர் வாசலில் போய் நிற்கவேண்டுமோ என்றிருந்தபோது, ராஜபாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய் ஓர் ஆர்டர் கொண்டுவந்தார். மாலத்தீவில் அவர் மச்சான் கடைக்கு.

“நம்ம நாடும் அக்கம்பக்கத்து நாடுகளும் சேந்து ஒப்பந்தம் போட்டிருக்காங்கம்மா. இங்கனயே செஞ்ச சரக்குன்னு சர்டிபிகேட் இருந்தா அங்க இறக்கும்போது வரி கொறவு. அது இல்லேன்னா மச்சான் சரக்கே வேண்டாம்னுருவாரு.”

நைட்டிகளை எல்லாம் தைத்துக் கட்டிவிட்டு, ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, அந்தச் சர்டிபிகேட் கொடுக்கிற தூத்துக்குடி ஆபீசுக்குப் போனேன். அதிகாரி முதல் வேலையாக நைட்டியின் கழுத்தைத் திருப்பி லேபிளைப் பார்த்தார்.

“இது தாய்லாந்து சரக்கும்மா. அந்த நாடு இந்த ஒப்பந்தத்துலயே இல்ல. யாரு வீட்டுச் சரக்கையோ நம்மதுன்னு காட்டிச் சலுகை வாங்கப் பாக்கீங்களா?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் திருட்டுப் பட்டத்தோடு எழுந்து வர நான் என்ன இளிச்சவாயா?

“நான் மெட்ராஸையே ரெண்டு தடவதான் பாத்திருக்கேன் சார். தாய்லாந்துக்கு எங்க போறது? நம்பலேன்னா ஷெட்டுக்கு வாங்க. ஒங்க கண்ணு முன்னால தச்சுக் காட்டுதோம்.”

அதெல்லாம் முடியாது என்றார். கப்பலுக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது. நான் எழவில்லை. சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பியவர், அதே நாற்காலியில் என்னைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். “சரி, நாளைக்குக் காலைல வாரேன். போங்க.”

சொன்னபடி வந்தார். நூல் பில், துணி பில் எல்லாம் பார்த்தார். “பில்லு யாரு வேணும்னாலும் அடிக்கலாம்” என்று தள்ளிவைத்துவிட்டு, உள்ளூர்க் கடைகளுக்கென்று வெட்டிவைத்திருந்த துணியில் ஒரு செட்டை அவரே உருவி எடுத்தார். “இதத் தைங்க, பாப்போம்.”

சேத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண்தான் எங்களில் வேகமான கை. அவளிடம் கொடுத்தேன். தோளை இணைத்தாள், கையை ஏற்றினாள், கழுத்தை மடித்து அடித்தாள். பிறகு, தலையைக்கூடத் திருப்பாமல், பக்கத்திலிருந்த டப்பாவில் கையை விட்டு ஒரு லேபிளை எடுத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் பாங்காக்கை வைத்து ஒரே தையல்.

“அடிப்பாவி, குடியக் கெடுத்தியே!”

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. “கை பழக்கத்துல போயிருச்சுக்கா” என்று அழப்போனாள். எட்டு மெஷினும் நின்றுவிட்டன. காண்ட்ராக்டர் வாசல் என் கண் முன்னால் வந்து நின்றது.

அதிகாரி டப்பாவை எடுத்துப் பார்த்தார். நைட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு.

“இப்ப நம்புதேம்மா. தாய்லாந்து இந்த டப்பாக்குள்ளதான் இருக்கு. எல்லாத்தையும் பிரிச்சிட்டு உண்மையான ஊரப் போட்டுக் கொண்டாங்க, கையெழுத்துப் போடுதேன்.”

அவர் போனபிறகு பிளேடும் கையுமாக உட்கார்ந்தோம். பிரிக்கப் பிரிக்க எனக்குக் கோபம்தான் வந்தது. முதலில் அவர் மேல், பிறகு என் மேல். அவராவது ஒரு நாள்தான் என்னை நம்பவில்லை. நான் இத்தனை வருஷமாக என் ஊரையே நம்பாமல் இருந்திருக்கிறேன்.

லேபிள் அச்சடிக்கிறவர், “ஊர்ப் பேரையா போடச் சொல்லுதீய? பாரிஸ், சிங்கப்பூருன்னு எதாச்சும் சொல்லுங்க” என்றார்.

“ஏன், தளவாய்புரம் கசக்குதோ? அதத்தான் போடுங்க. கீழ இந்தியான்னு போடுங்க.”

சர்டிபிகேட் கிடைத்தது, சரக்கு கப்பலேறியது, பாய் அடுத்த ஆர்டரும் கொண்டுவந்தார். மெஷின் ஒன்றையும் விற்கவில்லை.

போன மாதம் அதே லேபிள் வைத்த நைட்டிக் கட்டோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வழக்கமாகச் சரக்குப் போடும் கடைக்குப் போனேன். கடைக்காரர் கழுத்தைத் திருப்பிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“தளவாய்புரம்னு போட்டா யாரு வாங்குவா? பழைய லேபிள வச்சுக் கொண்டாங்க.”

“கடலையே தாண்டிப் போன பேரு அண்ணாச்சி இது. ஒங்க கடை வாசப்படியத் தாண்டாதாக்கும்?”

அவர் பதில் சொல்வதற்குள் நைட்டிக் கட்டை அவர் மேசைமேல் வைத்துவிட்டு, ராஜபாளையம் பஸ்ஸைப் பிடிக்கப் போனேன்.