எலிக்குத் தகடு, புறாவுக்குக் கம்பு

துறைமுகத்தில் கப்பலைக் கட்டும் ஒவ்வொரு கயிற்றிலும் எலித்தடுப்புத் தகடு மாட்ட வேண்டும் என்பது விதி. வட்டமான தகரத் தட்டு. கயிற்றின் மேல் ஓடிவரும் எலியால் அதைத் தாண்ட முடியாது. துறைமுகச் சுகாதார ஆய்வாளராக, தகடு சாய்ந்திருந்தால் கேப்டனுக்கு நோட்டீஸ் எழுதியே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். அதே கயிற்றில் வரிசையாக உட்கார்ந்திருந்த புறாக்களுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. ஆகவே நானும் அவற்றைப் பார்த்ததில்லை.

ஓய்வுக்குப் பின் வீட்டையும் கப்பலாகவே நடத்தினேன். சாக்கடைக் குழாய்க்கு வலை, கதவடியில் தகரம். பால்கனியில் மட்டும் தினமும் ஒரு கிண்ணம் கம்பு, புறாக்களுக்கு.

"எலி வந்தா ஊரையே கூட்டுவிய, புறா வந்தா விருந்து வைக்கிய," என்பாள் மனைவி. காய்ந்த எச்சத்தைச் சுரண்டிப் பெருக்கியது அவள்தான்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு வறட்டு இருமல் பிடித்தது. கிறிஸ்துமஸுக்குள் மாடிப்படியில் பாதியில் நிற்க ஆரம்பித்தாள்.

"ஏன் நின்னுட்ட?"

"கடலைப் பாக்கேன்."

அங்கிருந்து கடல் தெரியாது.

நெஞ்சு மருத்துவர், என் மகள் வயதுப் பெண், கேட்டார்: "வீட்ல எலி இருக்கா சார்?"

"என் வீட்டிலயா?"

"புறா?"

"உண்டு. நான்தான் தீனி போடுதேன்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

எலியின் மூத்திரம் ஈரத்தில் நோய் பரப்பும். புறா எச்சம் தூளாகி மூச்சோடு ஏறும், சிலருக்கு நுரையீரல் வீங்கித் தழும்பேறிவிடும் என்றார். எலி திருடனைப் போல ஒளிந்து வருகிறது. புறா பட்டப்பகலில் ஜோடியாக, கல்யாண வீட்டுக்கு வருகிற தோரணையில் வருகிறது. இரண்டும் துறைமுகத்தில் சிந்துகிற ஒரே கோதுமையைத் தின்பவைதான். ஒன்றை நான் குற்றவாளி என்றேன், இன்னொன்றை விருந்தாளி என்றேன்.

ரத்த மாதிரியும் ஸ்கேனும் சென்னை நிபுணருக்குப் போயின. வெறும் வீக்கம் என்றால் வடிந்துவிடும். தழும்பு என்றால் போகாது. அன்றே பால்கனிக்கு வலை அடித்தேன். வெளியே புறாக்கள் இறக்கையடித்துக் கிண்ணத்தைத் தேடின. உள்ளே அவள் தூங்கும்போது மூச்சு சீராக வருகிறதா என்று கதவருகே நின்று கேட்டேன். சென்னையிலிருந்து பதில் வரவில்லை. நினைவூட்டல் கடிதம் எழுதிப் பழகிய கை, நிபுணருக்கு மூன்று போட்டது.

"கப்பல்காரவுகளுக்கு எழுதுத மாதிரி எழுதாதிய. டாக்டர் பயந்துருவாவ," என்றாள், இருமலுக்கு நடுவே.

காரணம் புறாதான், பெரும்பாலும் வீக்கமே, தழும்பு மிகக் கொஞ்சம், மருந்தில் குணமாகும் என்று பதில் வந்தது ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் அன்று.