எடுக்கப்படாத அழைப்புகள்

"சந்தாதாரர் வெளிநாட்டில் இருந்து அழைக்கும்போது, எதிர்முனையில் எடுக்கப்படாத அழைப்புக்குக் கட்டணம் இல்லை." செல்பேசி நிறுவனம் கொடுத்த சிறு கையேட்டில், ஒரு பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் இருந்த விதி இது. அதன் கீழே சிவப்பு மையால் கோடு போட்டவன் நான். அரசுப் பணியில் நான் கோடு போட்ட விதிகள் ஏராளம். பெரும்பாலானவற்றால் சிவப்பு மை தீர்ந்ததைத் தவிர வேறொன்றும் நடந்ததில்லை. இந்த ஒன்றாவது ஒருவருக்கு உதவட்டும் என்று நினைத்தேன்.

அந்த ஒருவர் எங்கள் அலுவலகத்துத் தட்டச்சர். உத்தமபாளையத்தில் நான் தலைமை எழுத்தராக இருந்த கடைசி ஆண்டுகள் அவை. அவர் அனுமந்தன்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். எல்லோருக்கும் அவர் டைப்பிஸ்டம்மா. ஒரே மகள் மஸ்கட்டில் நர்ஸ். நான்கு ஆண்டுகளுக்கு முன் அங்கேயே கோட்டயத்துக்காரர் ஒருவரை, வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் மணந்துகொண்டாள். அன்றோடு அவளுடைய அப்பா, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். வெளிநாட்டு எண் வந்தால் செல்பேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவாராம். இப்போது மகளுக்குத் தலைப்பிரசவம். அம்மா போயாக வேண்டும்.

"பிள்ளைக்கு நம்ம ஊர்க் கோயில்ல ஞானஸ்நானம் குடுக்கணும்னு அவளுக்கு ஆசை சார். அப்பா வாயால 'வா'ன்னு ஒரு சொல்லு, அது வராம வரமாட்டேன்னு அவ நிக்கிறா. இவுக சொல்ல மாட்டேங்குறாக. நடுவுல கெடந்து நாந்தேன் சாகுறேன்" என்றார்.

ஞானஸ்நானம் என் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது. வெளிநாடு செல்லத் துறையின் தடையின்மைச் சான்று, ஈட்டிய விடுப்பு, இரண்டையும் நான் பார்த்துக்கொண்டேன். மிச்சம் இருந்தது தொலைபேசி. மஸ்கட்டில் இறங்கியதும் உள்ளூர் சிம் வாங்குவதுதான் மலிவு. ஆனால் அந்த எண்ணைக் கண்டதும் வாத்தியார் கவிழ்த்துவிடுவார். ஆகவே அம்மாவின் சொந்த எண்ணே ரோமிங்கில் இருக்க வேண்டும். ரோமிங்கில் பேசினால் நிமிடக் கட்டணம் மூச்சை நிறுத்தும். நம் பக்கத்தில் மிஸ்டு கால் கொடுக்காத வீடு கிடையாது. ஏலக்காய் விலை முதல் எழவுச் செய்தி வரை அதிலேயே சொல்லி முடிப்பவர்கள் நாம். அந்த வழக்கத்தை முறைப்படுத்தி ஒரு சுற்றறிக்கை தயாரித்தேன். ஓர் அழைப்பு என்றால், நலம். அடுத்தடுத்து இரண்டு என்றால், குழந்தை பிறந்தது, தாயும் சேயும் நலம். மூன்று என்றால், அவசரம், எடுத்துப் பேசவும். மூன்றைத் தவிர வேறு எதையும் எடுக்கக் கூடாது. டைப்பிஸ்டம்மாவே மூன்று படிகள் அடித்தார். ஒன்று அவர் பெட்டிக்கு, ஒன்று வீட்டு பீரோக் கதவுக்கு, ஒன்று என் கோப்புக்கு.

வாத்தியாரை அலுவலகத்துக்கு வரவழைத்து வாசிக்கச் சொன்னேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுவதும் படித்தார்.

"ஒரு மணி, ரெண்டு மணி, மூணு மணி. பள்ளிக்கூடத்துல முப்பது வருசமா இதத்தான அடிச்சேன். இதுக்கு ஒரு சுற்றறிக்கையாக்கும்" என்றார். ஆனாலும் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அம்மா போய்ச் சேர்ந்து மூன்றாவது வாரம், பஸ் நிலையத்தில் வாத்தியாரைப் பார்த்தேன்.

"நேத்து ரெண்டு மணி அடிச்சிருச்சு" என்றார், மழை பெய்ததைச் சொல்வது போல.

"சந்தோசம். என்ன பிள்ளை?"

"அதுக்கு உம்ம சுற்றறிக்கையில மணி இல்லையே, அய்யா."

முப்பத்தைந்து ஆண்டுக் காலம் வரைவு எழுதியவன் நான். ஆணா பெண்ணா என்று சொல்ல ஒரு பத்தி விட்டுப்போயிருக்கிறது. வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து டைப்பிஸ்டம்மா திரும்பி வந்தார். பேத்தியின் படங்களைக் காட்டினார். ஞானஸ்நானம் பற்றிக் கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினார். அடுத்த வாரம் செல்பேசிக் கட்டணச் சீட்டு வந்தது. அவருடைய சம்பளத்தில் பாதி. வெளிநாட்டிலிருந்து செய்த அழைப்புகள் என்று மொத்தமாக ஒரே வரி.

"ஒரு தடவகூட நான் பேசல சார். சாயங்காலம் நான் பிள்ளையக் குளிப்பாட்டப் போவேன், அந்நேரம் மகதான் என் போன்ல மணி குடுப்பா. இவுகளக் கேட்டா, 'மணி அடிச்சுச்சு, நின்னுச்சு, அம்புட்டுத்தேன்'ங்குறாக."

வாத்தியாரையும் நேரில் கேட்டேன். "எவன் எடுத்தான்?" என்று என் மேலேயே பாய்ந்தார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. விதி என் பக்கம், சாட்சி என் பக்கம். தேனியில் இருந்த முகவர் கடையில் ஒரு பெண், "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது சார்" என்றாள். அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு குறைதீர் அலுவலருக்கு எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டு ஒன்று, நினைவூட்டு இரண்டு, பிறகு மேல்முறையீடு. ஒவ்வொன்றிலும், மேற்படி அழைப்புகள் யாவும் எடுக்கப்படாதவை என்று உறுதி கூறி, அழைப்பு வாரியான பட்டியலைக் கோரினேன். இதற்குள் பேத்திக்கு ஐந்து மாதம். கிறிஸ்துமஸுக்குள் ஊரிலிருந்து அழைப்பு வராவிட்டால் மஸ்கட்டிலேயே ஞானஸ்நானத்தை முடித்துவிடுவதாக மகள் சொல்லிவிட்டாள். டைப்பிஸ்டம்மா தட்டச்சில் பிழைவிடத் தொடங்கினார்.

பதில் ஒரு முற்பகல் தபாலில் வந்தது. ஒரு பக்கக் கடிதம், பின்னால் பட்டியல். நான்தான் முதலில் பிரித்தேன். குழந்தை பிறக்கும் வரை ஒரு வரியும் இல்லை. பஸ் நிலையத்தில் நான் வாத்தியாரைப் பார்த்த அன்று மாலை, முதல் வரி: நான்கு நொடி. ஆணா பெண்ணா என்று கேட்கவும், ஒரு சொல்லில் பதில் வாங்கவும் அது போதும். மறுநாள் ஏழு நொடி. அதற்கடுத்த நாள் பட்டியலில் இல்லை. அன்று மட்டும் அவர் விதியை மதித்திருக்கிறார். பிறகு ஐம்பத்திரண்டு நொடி. பிறகு மூன்று நிமிடம். அம்மா விமானம் ஏறுவதற்கு முந்தைய மாலை பதினொரு நிமிடம்.

நான் உறுதி கூறி எழுதிய கடிதங்கள் எல்லாமே பொய்யாகிவிட்டன. பட்டியலை மேசைமேல் வைத்து டைப்பிஸ்டம்மாவிடம் தள்ளினேன். அவர் வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். கடைசி வரியில் விரல் நெடுநேரம் நின்றது.

"அந்தக் கழுதையும் வாயத் தெறக்கலையே சார்" என்றார். பிறகு பையிலிருந்து செல்பேசியை எடுத்து வீட்டுக்கு அடித்தார்.

"ஏங்க, பிள்ளையத் தூக்கிட்டு வரச் சொல்லி நான் அவளுக்குச் சொல்லவா, இல்ல நீங்களே சொல்லிர்றீகளா?"

மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கும் கேட்கும்படி ஒரு கனைப்பு, அதன்பின் வாத்தியாரின் குரல்: "நானே சொல்லிக்கிறேன்."

அம்மா செல்பேசியை வைத்தார். மேற்கொண்டு எழுத வேண்டாம், பணத்தைக் கட்டிவிடுகிறேன் என்றார். நான் கோப்பை எடுத்து, மேல் நடவடிக்கை தேவையில்லை என்று குறிப்பு எழுதி, பதில் பெறப்பட்ட நாளைக் கீழே போட்டேன்: டிசம்பர் ஒன்பது.