செல்ஃப் எடுக்காத டிராக்டர்

இதைப் பொழுதுபோக்குக் கதை என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். குன்னத்தில் டிராக்டர் பட்டறை வைத்திருந்த தமிழழகனுக்குப் போன மக்காச்சோள அறுவடையின்போது நடந்தது இது. இன்று அவனிடம் பட்டறை இல்லை. எங்காவது டிராக்டர் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டால், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்து வெளியே போய்விடுகிறான்.

அன்று சாயங்காலம் குழந்தைவேல் போன் செய்தார்.

"தம்பி, வண்டி செல்ஃப் எடுக்க மாட்டேங்குது. சோளம் பூரா கொல்லையில கெடக்கு. மழை வேற கறுத்துக்கிட்டு வருது. சட்டுன்னு வாப்பா."

குழந்தைவேல் நல்ல மனிதர். குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர். மூன்று மாதத்துக்கு முன்புதான் திருமானூர்ப் பக்கம் ஒரு புரோக்கர் மூலமாக அந்த டிராக்டரை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தார். மழை விழுவதற்குள் சோளத்தை ஏற்றாவிட்டால் அத்தனையும் பூஞ்சை பிடித்துப் போகும். தமிழழகன் டூல் பையை வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

குழந்தைவேலின் சோளக்கொல்லை ஊரை விட்டுத் தள்ளி இருந்தது. சுற்றிலும் அறுத்த சோளத் தட்டை. நடுவில் டிராக்டர். வேறு ஆள் இல்லை.

"ஏறி சாவி போடுங்கண்ணே."

குழந்தைவேல் சீட்டில் ஏறி, "போடட்டா தம்பி?" என்று கேட்டுவிட்டுச் சாவியைத் திருகினார்.

டக்.

அவ்வளவுதான். இன்ஜின் அசையவில்லை.

தமிழழகன் ஹெட்லைட்டைப் போடச் சொன்னான். பளிச்சென்று எரிந்தது. மறுபடி சாவியைத் திருகியபோதும் வெளிச்சம் மங்கவில்லை. பேட்டரியில் குறையில்லை. செல்ஃப் மோட்டாருக்குள் கரண்ட் போகவே இல்லை என்று அர்த்தம்.

"அண்ணே, முன்னாடி வாங்க. இதைக் கொஞ்சம் புடிங்க" என்று குழந்தைவேலைக் கூப்பிட்டு டார்ச்சைக் கொடுத்தான். பேட்டரி முனைகளைச் சுரண்டி இறுக்கினான். பலனில்லை. வானம் ஒருமுறை உறுமியது.

"தம்பி, நான் வூட்டுக்குப் போயி தார்பாய் எடுத்தாந்துடறேன். நீ பாத்துக்கிட்டிரு" என்று சொல்லி டார்ச்சை அவன் கையில் கொடுத்துவிட்டு குழந்தைவேல் பைக்கில் கிளம்பினார். பைக் சத்தம் தேய்ந்து மறையும்வரை தமிழழகனுக்குக் கேட்டது.

பெரிய சக்கரத்துக்கு முன்னால் மல்லாந்து படுத்து உடம்பை அடியில் நுழைத்தான். செல்ஃப் மோட்டார் முகத்துக்கு நேர் மேலே இருந்தது. அதன் இரண்டு தடித்த போல்ட்டுகளையும் ஸ்க்ரூ டிரைவரால் சேர்த்துத் தொட்டான். மோட்டாருக்கு உயிர் இருந்தால் பொறி பறக்கும்.

பறக்கவில்லை.

உள்ளே இருக்கும் காயில் கம்பிச்சுருள் எரிந்திருக்க வேண்டும். கழற்றித்தான் ஆக வேண்டும்.

அப்போது சீட்டின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது.

"போடட்டா தம்பி?"

குழந்தைவேலின் குரல்.

அதற்குள் வந்துவிட்டாரா? பைக் சத்தம் கேட்கவில்லையே... மழைக்காற்றில் கேட்காமல் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"வேணாண்ணே. சாவியைத் தொடாதீங்க. வண்டி நியூட்ரல்லதானே இருக்கு?"

பதிலுக்கு, மெதுவாகக் கியர் விழும் சத்தம் மட்டும்.

கடக்.

"அண்ணே?"

"போடட்டா தம்பி?"

அதே குரல். அதே இழுவை. முதல்முறை சொன்னதைத் திரும்ப ஓட்டியதுபோல...

தமிழழகன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். ஏறியவர் காலைப் பலகையில் வைத்திருக்க வேண்டும். பலகை காலியாக இருந்தது.

அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்தான்.

"தம்பி, தார்பாயைத் தேடி எடுக்க நேரமாயிட்டுது. இப்பதான் கெளம்பறேன். அண்ணியும் வராங்க."

போனில் குழந்தைவேல். தலைக்கு மேலே சீட்டில்...

"போடட்டா தம்பி?"

எப்படி வெளியே வந்தான் என்று அவனுக்கே தெரியாது. முழங்கை உரிந்து ரத்தம் வந்தது. சீட்டில் யாரும் இல்லை. ஆனால் சீட் அமுங்கியிருந்தது.

ஓடத்தான் நினைத்தான். ஆனால் அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்களே! பாய்ந்துபோய் பேட்டரி வயரை ஒரே திருகாகக் கழற்றினான். இனி அதால் எதுவும் செய்ய முடியாது. பின்னோக்கியே நடந்து சோளக்குவியல் ஓரமாய் நின்றான். மூச்சு வாங்கியது.

பைக் வெளிச்சம் வரப்பில் ஆடி ஆடி வந்தது. குழந்தைவேல். பின்னால் மடியில் தார்பாயோடு அவர் மனைவி ஜெயசித்ரா. வண்டி டிராக்டருக்கு அந்தப் பக்கம் நின்றது.

"என்னாச்சு தம்பி?"

தமிழழகன் வாயைத் திறந்தான். கிட்ட வராதீங்க என்று கத்தினான்.

சத்தம் வரவில்லை.

மறுபடி கத்தினான். தொண்டை புடைத்தது. காற்றுதான் வந்தது.

டிராக்டர் பக்கமிருந்து அவனுடைய குரல் கேட்டது.

"அண்ணே, முன்னாடி வாங்க. இதைக் கொஞ்சம் புடிங்க."

"இந்தா வரேன்" என்றார் குழந்தைவேல்.

தமிழழகன் ஓடினான். கையை வீசினான். இருட்டிக்கொண்டு வந்த கொல்லையில் அவர் அவனைப் பார்க்கவில்லை. குனிந்து, பெரிய சக்கரத்துக்கு முன்னால் கையை உள்ளே நீட்டினார்.

டக்.

கர்ர்ர்ர்...

பேட்டரி வயர் தொங்கிக்கொண்டிருந்தது. இன்ஜின் பிடித்தது. வண்டி ஒரு குதி குதித்தது.

பெரிய சக்கரம் அவரைக் கீழே தள்ளி இடுப்பின் மேல் ஏறியது.

அங்கேயே நின்றது. இன்ஜின் அணைந்தது.

அவருக்கு உயிர் இருந்தது. அதுதான் கொடுமை. கண்ணைத் திறந்து தமிழழகனைப் பார்த்தார். "எடுப்பா..." என்றார். அதட்டாமல், கெஞ்சலாக.

தமிழழகன் வயரை மாட்டினான். சாவியைத் திருகினான்.

டக்.

திருகினான்.

டக்.

கியரை உருவப் பார்த்தான். வெல்டு வைத்தது போல இறுகிக் கிடந்தது. ஜெயசித்ராவும் அவனும் சக்கரத்தில் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். மழை பிடித்தது. கரிசல் மண்ணில் கால் வழுக்கியது. ஜே.சி.பி. வந்து சேர்ந்தபோது குழந்தைவேல் "எடுப்பா" என்று கேட்பதை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது.

"நீதானேடா கூப்ட்ட! முன்னாடி வாங்கன்னு நீதானே கூப்ட்ட! எங்காதால கேட்டேனே!" என்று ஜெயசித்ரா மழையில் நின்று அலறினாள். போலீஸிலும் அதையே சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை. அவள் கேட்டது அவன் குரல்தான்.

தமிழழகனுக்கு மூன்றாம் நாள்தான் பேச்சு திரும்பியது. அஜாக்கிரதை என்று அவன்மேல் வழக்கு. வண்டியைச் சோதித்த அதிகாரி செல்ஃப் மோட்டாரைப் பிரித்தார். உள்ளே காயில் மொத்தமும் கருகி ஒரே கட்டியாய் ஒட்டியிருந்தது. "இதை வெச்சு எப்படிய்யா ஸ்டார்ட் பண்ணினே?" என்று அவனையே கேட்டார்.

ஜாமீனில் வந்ததும் புரோக்கரைப் பிடித்து உலுக்கினான். புரோக்கர் காட்டிய வழியில் திருமானூர் போனான். பழைய முதலாளி ஊரிலேயே இல்லை. அவரிடம் வேலை பார்த்து, அந்த டிராக்டரில் அடிபட்டுச் செத்தவனின் அக்கா மட்டும் இருந்தாள். காத்தாயி என்று பெயர். காய்ந்த கரும்புத் தோகையைக் கட்டிக்கொண்டிருந்தவள், டிராக்டர் என்றதுமே அரிவாளைக் கீழே வைத்தாள்.

"செல்ஃப் ரிப்பேருன்னு எந்தம்பிய அடியில படுக்க வெச்சாரு மொதலாளி. கியர்ல கெடந்ததப் பாக்காம மேல இருந்து சாவியப் போட்டுட்டாரு. ஒரு குதி குதிச்சி நின்னுபோச்சி. எந்தம்பி மேல ஏறி நிக்கிதுன்னு அவருக்குத் தெரியல. எங்கியோ போயிட்டான்னு நெனச்சிக்கிட்டு சாப்பிடப் போயிட்டாரு. சாயங்காலம் வரைக்கும் உசுரு இருந்திருக்கு. மண்ணெல்லாம் பிறாண்டி வெச்சிருந்தான்."

"ஒரு சத்தம் போட்டிருந்தா யாராவது வந்திருப்பாங்களேக்கா..."

காத்தாயி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"எப்புடிப் போடுவான்? அவன் பொறவி ஊமைங்க."