ஒரே பெயரில் இரண்டு கோப்புகள்

ஆறு வருட இடைவெளிக்குப் பிறகு எனக்குக் கிடைத்த வேலை அது. மகள் பிறந்தபோது பழைய வேலையை விட்டேன். அவள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் மறுபடி தேடினேன். நேர்காணலில் எல்லோரும் அந்த ஆறு வருடத்தைப் பற்றியே கேட்டார்கள். கடைசியில் பெங்களூரு ஈஜிபுராவில் எங்கள் வாடகை வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த ஒரு சின்ன நிறுவனம், ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குகிறோம் என்று சேர்த்துக்கொண்டது.

ரத்தப் பரிசோதனை செய்யும் லேப்களுக்கு ரிப்போர்ட் தயாரிக்கும் மென்பொருள் எங்களுடையது. லேபுக்கு லேப் மெஷின் வேறு. ஒவ்வொன்றும் முடிவுகளை ஒவ்வொரு விதமாக எழுதும். அதைப் படிக்க, லேபுக்கு ஒன்றாக, பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய சின்னச் சின்னக் கோப்புகள் வைத்திருந்தோம். புது லேப் சேரும்போதெல்லாம் முக்கிய புரோகிராமைத் திறந்து அந்த லேபின் கோப்பை அழைக்கும் ஓர் இம்போர்ட் வரி சேர்த்து, எல்லா லேப்களுக்கும் சேவையை நிறுத்தி, மறுபடி ஓடவிடுவார்கள். ஒரு லேபுக்காக மற்ற எல்லோரும் காத்திருப்பார்கள்.

கோப்பை ஒரு ஃபோல்டரில் போட்டால் போதும், புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை எடுத்துக்கொள்ளும்படி செய்யலாம் என்றேன். எங்கள் டீம் லீட் மண்டியாக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். "மாடி நோடி. செஞ்சு பாருங்க" என்றார்.

ஒரு வாரத்தில் முடித்தேன். லேபுக்கு ஒரு ஃபோல்டர். அதற்குள் ரீடர் என்ற ஒரே பெயரில் ஒரு கோப்பு. தேவைப்படும் ஃபோல்டரை பைத்தான் தேடும் இடங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டு, ரீடரைக் கொண்டு வா என்று சொல்லும் நிரல். ஒவ்வொரு லேபையும் தனித்தனியாக ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்ததும், முதலில் ஒரு பழைய லேபையும் ஒரு புது லேபையும் மட்டும் இந்த முறையில் ஓடவிட்டோம். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் மகளுக்கு மசால் பூரி வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஜீவனஹள்ளியில் புதிதாகச் சேர்ந்த லேபிலிருந்து போன். அங்கே டெக்னீஷியனாக இருந்த பெண், என் வயதுதான் இருக்கும்.

"மேடம், இங்க ஒருத்தங்களுக்கு ஹீமோகுளோபின் நூத்தி இருபத்தெட்டுன்னு ரிப்போர்ட் காட்டுது. பன்னெண்டு புள்ளி எட்டு வரணும். மனுஷங்களுக்கு இவ்ளோ இருக்குமா?"

"ரிப்போர்ட் வெளிய போயிடுச்சா?"

"எப்படி மேடம் போகும்? நான் பார்த்து கையெழுத்து போடாம எதுவும் போகாது. எல்லாத்தையும் நிறுத்தி வெச்சிருக்கேன்."

அந்த மெஷின் வேறு அலகில், லிட்டர் கணக்கில் எழுதும். பத்தால் வகுக்க வேண்டும். அவர்களுடைய ரீடர் கோப்பில் அந்த வரி இருந்தது. ஆனால் ஓடியது அந்தக் கோப்பே இல்லை. அவர்களுக்கு முன்னால் ஏற்றப்பட்ட வேறொரு லேபின் ரீடர்! பைத்தான் ஒரு பெயரில் ஒன்றை ஏற்றிவிட்டால், அதே பெயரை மறுபடி கேட்கும்போது ஃபோல்டரைப் போய்ப் பார்க்காது. ஏற்கெனவே நினைவில் வைத்திருப்பதையே நீட்டும். நான் ஒவ்வொரு லேபையும் தனியாக, புதிதாக ஓட்டிச் சோதித்ததால் இது என் கண்ணில் படவே இல்லை.

சத்தமில்லாமல் திருத்திவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. எழுந்து போய் டீம் லீடிடம் சொன்னேன்.

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேற லேபுக்கு இப்படி வந்திருக்கா?"

"பார்த்துட்டேன். இந்த ஒண்ணுதான்."

"சரி. பழைய மாதிரியே ஓடவிடுங்க. அப்புறம் திருத்துங்க."

இந்த முறை பெயரைச் சொல்லித் தேடவிடவில்லை. கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்து அங்கிருந்தே நேராக ஏற்றினேன். ஒவ்வொன்றுக்கும் லேபின் எண்ணைச் சேர்த்துத் தனிப் பெயர் வைத்தேன். எல்லா லேப்களையும் ஒரே ஓட்டத்தில், வரிசையை மாற்றி மாற்றிச் சோதித்தேன். பிறகு ஜீவனஹள்ளிக்கு நானே போனேன். பன்னிரண்டு புள்ளி எட்டு என்று திரையில் வந்ததும் அந்தப் பெண் சிரித்தாள்.

"அந்த ஃபைல்ல என்னதான் இருக்கு? சொல்ப, கொஞ்சம் காட்டுங்க மேடம்."

காட்டினேன். நாற்பது வரிகூட இல்லை. விரலால் ஒவ்வொரு வரியாகப் பின்தொடர்ந்தவள், பத்தால் வகுக்கும் வரியில் நிறுத்தினாள். "இவ்ளோதானா? அடுத்த மாசம் எங்களுக்கு சுகர் மெஷின் புதுசா வருது. அதுக்கு நானே எழுதிப் பார்க்கட்டா?"

மூன்று வாரம் கேள்விகளாக அனுப்பினாள். எங்கே காற்புள்ளி, ஏன் இவ்வளவு இடைவெளி, இந்தப் பிழைச் செய்திக்கு என்ன அர்த்தம். சிலவற்றுக்கு நானும் தேடித்தான் பதில் சொன்னேன். ஒரு புதன்கிழமை மதியம் அவளுடைய கோப்பு வந்தது. டீம் லீட் ஒருமுறை படித்துவிட்டுத் தலையாட்டினார். ஃபோல்டரில் போட்டேன். எந்தச் சேவையும் நிற்கவில்லை. மற்ற லேப்களுக்கு எதுவும் தெரியவில்லை. அவளுடைய முதல் ரிப்போர்ட் சரியான எண்களோடு வந்தது.

போனில் சொன்னபோது, "ஓடுதா? நிஜமா நான் எழுதினதா ஓடுது?" என்று கேட்டாள்.

"நீங்க எழுதினதுதான்" என்றேன்.