ஜியாலஜி போஸ்டுக்கு நான் போடாத போன்

1. பூட்டிய பீரோ

அந்த வருடம் எங்கள் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அறிவியலும் ஜியாலஜியும் சேர்ந்த துறையில் ஓர் ஆசிரியர் இடம் காலியானது. இருந்தவர் வெளிநாட்டு வேலைக்குப் பறந்துவிட்டார். பாறை மாதிரிகள் இருந்த பீரோவின் சாவியும் அவரோடு போய்விட்டது. பிள்ளைகள் கண்ணாடிக்கு வெளியே நின்றபடியே கிரானைட்டைப் படித்தார்கள்.

"ஒரு மாசத்துல ஆளு வரலன்னா அடுத்த வருஷம் அட்மிஷனே கிடையாதுய்யா. ஜல்தி பண்ணு" என்று ரெஜிஸ்ட்ரார் தினமும் என்னைப் பிடித்து உலுக்கினார்.

நான் எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷன் சூப்பரண்ட். ஆரணியிலிருந்து தினம் பஸ்ஸில் போய் வருவேன். விளம்பரம் கொடுப்பது, விண்ணப்பங்களை ஸ்க்ரூட்டினி செய்வது, கால் லெட்டர் அனுப்புவது எல்லாமே என் மேசைதான். பெரிய பேராசிரியர்கள் உட்கார்ந்து ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று வெளியே நினைப்பார்கள். அவர்கள் முன்னால் எந்த ஃபைல் போக வேண்டும் என்பது எங்கள் கையில். இந்த சீட்டுக்கு இன்று வருகிறவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் செக்‌ஷனில் ஒரு வழக்கம் உண்டு. விண்ணப்பத்தில் ஏதாவது காகிதம் குறைந்தால் உடனே ரிஜெக்ட் போட மாட்டோம். ஒரு போன் போட்டு, "இன்டர்வியூ அன்னிக்குக் கையில எடுத்துகினு வந்துடுங்க" என்று சொல்வோம். விதியில் அப்படி எதுவும் இல்லை. நான் ஆரம்பித்து வைத்த வழக்கம். "சூப்பரண்ட் சார் தங்கமானவருப்பா, அவரே போன் பண்ணாரு" என்று வேலை கிடைத்தவர்கள் சொன்னால், அதெல்லாம் ஒன்றுமில்லை என்று கையை ஆட்டுவேன். உள்ளுக்குள் குளிர்ந்து போயிருக்கும்.

2. பதினாலாம் நம்பர் கிணறு

பதினோரு விண்ணப்பங்கள் வந்தன. அதில் முதல் தரமான ஃபைல் கலைச்செல்வி என்ற பெண்ணுடையது. பெரணமல்லூர் பக்கத்துக் கிராமம். கூலி வேலைக்குப் போகும் அம்மாவின் ஒரே மகள். எம்.எஸ்ஸி. ஜியாலஜி, நிலத்தடி நீரில் பிஎச்.டி. ஒரு கல்லூரியில் ஆறு வருடமாக கெஸ்ட் லெக்சரர். மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். அடுத்த ஆள் அவளுக்கு வெகு தூரம் பின்னால் இருந்தார்.

ஆய்வுச் சுருக்கத்தைப் புரட்டினேன். தண்ணீர் எடுத்த கிணறுகளைக் குறித்த வரைபடம் ஒன்று இருந்தது. பதினாலாம் எண்ணைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அது எங்கள் தெரு. எங்கள் வீட்டுக் கிணறு. அதற்குப் பின்னால் சின்னதாக ஒரு கட்டம் போட்டு 'சாயப்பட்டறை' என்று எழுதியிருந்தாள். அந்தப் பட்டறை என் அண்ணனுடையது. பட்டு நூலுக்குச் சாயம் போட்ட தண்ணீர் எங்கள் கொல்லைக் கால்வாயில்தான் ஓடும்.

அப்போதுதான் அவள் ஞாபகம் வந்தது. நான்கு வருடத்துக்கு முன் ஒரு பெண் வீட்டுக்கு வந்து இரண்டு பாட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள். ஒரு மாதம் கழித்து, இதற்காகவே பஸ் ஏறித் திரும்பவும் வந்து, என் மனைவி சரசுவிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்தாள்.

"இந்தத் தண்ணி குடிக்க வேணாம்மா. உப்பும் சாயக்கழிவும் இறங்கிகினு இருக்கு. பக்கத்து வீட்லயும் சொல்லுங்க."

நான் அங்கேதான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மறுநாளே கேன் தண்ணீருக்குச் சொல்லிவிட்டோம். பக்கத்து வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அண்ணன் பட்டறைக்குப் பேஜாராகிவிடும் என்று சரசுவின் வாயையும் நான்தான் அடைத்தேன்.

விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில், வேலை கிடைத்தால் என்ன செய்வேன் என்று எழுதியிருந்தாள். மாதம் ஒருமுறை மாணவர்களை ஆரணிச் சாயப்பட்டறைத் தெருக்களுக்கு அழைத்துப் போய்க் கிணற்றுத் தண்ணீரைச் சோதிப்பாளாம். முடிவை அந்தந்த வீட்டாரிடம் நேரில் சொல்வாளாம்.

காகிதங்களைச் சரிபார்த்தேன். வேலை பார்க்கும் கல்லூரியிலிருந்து ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வேண்டும். என்.ஓ.சி. என்போம். அது இல்லை. அதே கல்லூரியிலிருந்து விண்ணப்பித்திருந்த இன்னொரு கெஸ்ட் லெக்சரருக்கும் இல்லை. அவருக்குப் போன் போட்டேன். அவள் ஃபைலில் 'என்.ஓ.சி. இணைக்கப்படவில்லை, நிராகரிக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

செக்‌ஷன் அசிஸ்டென்ட் தேவகி பட்டியலைப் பார்த்துவிட்டு, "சார், இந்தப் பொண்ணுக்கு நம்ம போன் பண்ணலியே?" என்றாள்.

"பண்ணேன். போகல" என்றேன்.

அண்ணனுக்கு இந்த விஷயமே தெரியாது. யாரும் சிபாரிசுக்கு வரவில்லை. மேலிடத்தில் யாரும் மிரட்டவில்லை. அப்படி ஏதாவது நடந்திருந்தால் அவர்கள் தலையில் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். முழுக்க முழுக்க நானேதான் செய்தேன்.

3. இன்டர்வியூ அன்று

பேனல் உள்ளே உட்கார்ந்தாகிவிட்டது. டெமோ கிளாஸ் ஆரம்பிக்கப் போகிற நேரத்தில் அவள் வந்து என் மேசை முன்னால் நின்றாள். கையில் என்.ஓ.சி. இருந்தது.

"வணக்கம் சார். எங்க காலேஜ் சாருக்கு நீங்க போன் பண்ணீங்களாம். அவருதான் சொன்னாரு, பேப்பர் இல்லன்னா இங்கருந்தே கூப்பிடுவாங்கன்னு. என் நம்பர் எதுனா தப்பா இருந்துச்சா சார்?"

தேவகி என்னையே பார்த்தாள்.

"ஆமாம்மா. போட்டுப் பாத்தேன். நம்பர் போகல."

"தப்பா எழுதிட்டேனா..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். "சார், இப்ப குடுத்தா சேத்துக்க முடியாதா? ஆறு வருஷமா கெஸ்ட்டாவே ஓட்டிகினு இருக்கேன். அம்மா இன்னும் நடவுக்குப் போய்கினு இருக்காங்க."

சேர்க்க முடியும். ரெஜிஸ்ட்ராரிடம் ஒரு கையெழுத்து வாங்கினால் போதும். எத்தனையோ பேருக்கு நானே ஓடி வாங்கித் தந்திருக்கிறேன்.

"லிஸ்ட் குளோஸ் ஆயிடுச்சும்மா" என்றேன்.

சரி சார் என்று திரும்பியவள் நின்று என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். "நீங்க ஆரணியில சரசும்மா வீட்டு சார்தானே? நல்லா இருக்காங்களா சார்? கேன் தண்ணிதானே குடிக்கிறீங்க?"

தலையை ஆட்டினேன். என் மேசை மேல் இருந்த தண்ணீர் பாட்டில் அன்று காலை வீட்டுக் கேனில் பிடித்தது. சிரித்துவிட்டுப் போனாள். சீ, என்ன மனுஷன் நான் என்று அப்போதே தோன்றியது. அப்போதும் எழுந்து கூப்பிடவில்லை.

4. அதே நம்பர்

நான் போன் போட்ட அந்த ஆசிரியருக்கே வேலை கிடைத்தது. நல்ல மனிதர்தான். ஒரு வருடத்தில் வேறு இடம் கிடைத்துப் போய்விட்டார். திரும்ப விளம்பரம் கொடுத்தோம். எனக்கு ரிட்டயர்மென்ட் நெருங்கிவிட்டது. பழைய ஃபைலை எடுத்து, அவள் எழுதியிருந்த எண்ணுக்குப் போட்டேன். இரண்டாவது மணியில் எடுத்தாள்.

விஷயத்தைச் சொன்னேன். "வேணாம் சார். வெளி மாநிலத்துல தண்ணி சர்வே வேலை கெடச்சிடுச்சு, பர்மனென்ட். அம்மாதான் ஊர்ல தனியா கீறாங்க, வர மாட்டேன்றாங்க. அப்பவே அங்க கெடச்சிருந்தா கூடவே இருந்திருப்பேன்" என்றாள்.

"அன்னிக்கு நம்பர் தப்பில்லம்மா. நான்தான் போன் போடல."

"தெரியும் சார். அன்னிக்கே தெரியும். வெளிய வந்து என் அப்ளிகேஷன் ஜெராக்ஸ எடுத்துப் பாத்தேன். நம்பர் சரியாத்தான் எழுதியிருந்தேன். அம்மா கிட்ட மட்டும் நான்தான் தப்பா எழுதிட்டேன்னு சொல்லி வச்சேன். வேணும்னே பண்ணாங்கன்னு தெரிஞ்சா அது தாங்காது. இன்னி வரைக்கும் திட்டிகினு இருக்கு, இவ்ளோ படிச்சவ ஒரு நம்பர ஒழுங்கா எழுத மாட்டியாடின்னு."

என் பொய்யை அவள் தன் தப்பாக ஏற்றுக்கொண்டு அம்மாவிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாள். மன்னிப்புக் கேட்டேன். "வச்சிடறேன் சார், ஃபீல்டுல இருக்கேன்" என்றாள்.

அன்று மாலை பக்கத்து வீட்டுக்குப் போய்த் தண்ணீர் விஷயத்தைச் சொன்னேன். "எப்பலருந்து உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டார்கள். அதற்கும் உண்மையைச் சொன்னேன். அவர்கள் இப்போது எங்களோடு பேசுவதில்லை. அண்ணனும்தான்.

செக்‌ஷனுக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். காகிதம் குறைந்தால் போன் போடுங்கள். ஒருவருக்கு மட்டும் போட மனம் வரவில்லையென்றால், அந்த ஃபைலை உடனே வேறொருவர் மேசைக்குத் தள்ளிவிடுங்கள். அன்று தேவகியிடம் கொடுத்திருந்தால் அவள் போட்டிருப்பாள்.

கலைச்செல்வி போன் நம்பரின் அந்தப் பத்து எண்ணும் இப்போது எனக்கு மனப்பாடம்.